தட்டில் நிற்கும் மரம்

உங்கள் ஊரில் பழைய கட்டடம் ஒன்று கட்டாயம் இருக்கும். அதன் கைப்பிடிச் சுவரையோ, கோயில் மதிலையோ, பாழடைந்த கிணற்றின் உட்புறத்தையோ சற்று நின்று பாருங்கள். செங்கல் இடுக்கில் ஓர் அரசங்கன்று முளைத்திருக்கும். ஏதோ ஒரு பறவையின் எச்சத்தில் வந்த விதை அது. சென்ற ஆண்டும் அதைப் பார்த்திருப்பீர்கள்; அதற்கு முந்தைய ஆண்டும் பார்த்திருப்பீர்கள். அப்போதும் முழ உயரந்தான், இப்போதும் முழ உயரந்தான். ஆனால் அடித்தண்டைக் கவனித்தால் அது வெறும் கன்று அல்ல என்பது தெரியும். பட்டை தடித்து, வேர் சுவரோடு ஒட்டிப் படர்ந்து, ஒரு கிழமரத்தின் சாயல் வந்திருக்கும். அதே விதை குளக்கரையில் விழுந்திருந்தால் இந்நேரம் நாலு பேர் நிழலுக்கு ஒதுங்கும் மரமாகியிருக்கும்.

இயற்கை தற்செயலாகச் செய்யும் இந்த வேலையை மனிதன் கருத்தோடு செய்யும்போது அதற்குப் போன்சாய் என்று பெயர். ஜப்பானிய மொழியில் ‘போன்’ என்பது ஆழமில்லாத தட்டைக் குறிக்கும். ‘சாய்’ என்பது நடுவதைக் குறிக்கும். தட்டில் நட்டது என்பதே பொருள். சொல்லில் குள்ளம் என்ற கருத்தே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

என் வீட்டு மொட்டைமாடியில் ஓர் இச்சி மரம் இருக்கிறது. உயரம் 40 செ.மீ. அதைப் பார்த்த மாணவி ஒருத்தி முகத்தைச் சுளித்துக்கொண்டு, “சார், இது பாவமில்லையா? சோறு தண்ணீர் கொடுக்காமல் குள்ளமாக்கி வைத்திருக்கிறீர்களே!” என்று கேட்டாள். நல்ல கேள்வி. பலர் மனத்தில் இருப்பதும் இதுதான். உண்மையில் பட்டினி போட்டுத்தான் மரத்தைச் சிறிதாக வைத்திருக்கிறார்களா? அப்படியானால் அவள் சொன்னதுபோல் பாவந்தான். நானும் அந்தத் தட்டைத் தூக்கி எறிந்துவிடவேண்டியதுதான்.

இதற்கு விடை சொல்லுமுன் ஒரு மரத்தின் கதையைக் கேளுங்கள்.

ஹிரோஷிமாவில் நின்ற மரம்

தட்டில் மரம் வளர்க்கும் பழக்கம் சீனாவில் பிறந்தது. அங்கே தாங் மரபைச் சேர்ந்த இளவரசர் ஜாங்ஹுவாயின் கல்லறை கி.பி. 706-ல் கட்டப்பட்டது. அதன் சுவரோவியத்தில், பணியாள் ஒருவர் கற்களும் சிறு செடிகளும் அமைந்த தட்டைக் கையில் ஏந்தி நிற்கிறார். சீனாவிலிருந்து இந்தக் கலை ஜப்பானுக்குச் சென்றது. 1309-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஜப்பானிய ஓவியச் சுருள் ஒன்றில் தட்டில் வைத்த மரங்களைக் காணலாம். பிறகு அங்கே அது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது. 1923-இல் ஏற்பட்ட பெரும் நிலநடுக்கம் டோக்கியோ நகரைச் சிதைத்தபின், அங்கிருந்த போன்சாய்த் தோட்டக்காரர்கள் பலர் நகருக்கு வடக்கே ஓமியா என்ற இடத்துக்குக் குடிபெயர்ந்து, 1925-இல் ஒரு போன்சாய்க் கிராமத்தையே அமைத்துவிட்டார்கள். அது இன்றும் இருக்கிறது.

நான் சொல்ல வந்த மரம் ஹிரோஷிமாவைச் சேர்ந்தது. யமாகி என்ற குடும்பத்தார் அங்கே பரம்பரையாகப் போன்சாய் வளர்த்துவந்தார்கள். அவர்களிடம் ஒரு வெண்பைன் மரம் இருந்தது. அது 1625 முதல் தட்டில் வளர்க்கப்படுவது. 1945 ஆகஸ்ட் 6-ஆம் நாள் காலையில் அந்நகரின்மீது அணுகுண்டு விழுந்தது. குண்டு வெடித்த இடத்திலிருந்து யமாகி குடும்பத்தின் தோட்டம் ஏறத்தாழ 3 கி.மீ. தொலைவில் இருந்தது. வீட்டின் கண்ணாடிகள் நொறுங்கின. தோட்டத்துச் சுவர் ஒன்று மறைத்து நின்றதால் மரம் தப்பியது. 1976-இல் மசாரு யமாகி இந்த மரத்தை அமெரிக்காவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். அது வாஷிங்டனில் உள்ள தேசிய மரத் தோட்டத்தில் வைக்கப்பட்டது. குண்டுவீச்சில் பிழைத்த மரம் இது என்பது அங்கே யாருக்கும் தெரியாது. கொடுத்தவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. 2001-இல் அவருடைய பேரன்மார் இருவர் தாத்தாவின் மரத்தைப் பார்க்க வந்தபோதுதான் இந்தச் செய்தியே வெளிப்பட்டது.

நான் இந்தக் கதையைச் சொன்னது அணுகுண்டுக்காக அன்று, ஆண்டுக் கணக்குக்காக. 1625-லிருந்து எண்ணிப் பாருங்கள். பட்டினி கிடக்கும் உயிர் நானூறு ஆண்டு வாழுமா?

வரவும் செலவும்

சுவரில் நிற்கும் அரசு அரைப்பட்டினிதான், மறுக்கவில்லை. தட்டில் நிற்பது அப்படியன்று. அது குறுகி நிற்பதற்குக் காரணம் வேறு.

ஒரு மரத்தைத் தண்ணீரின் வரவு செலவாக எண்ணிப் பாருங்கள். வேர் வரவு, இலை செலவு. இலைகளின் நுண்துளைகள் வழியே நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. அந்த இழப்பை வேர்கள் ஈடுசெய்ய வேண்டும். இலைகளோ சும்மா செலவழிப்பதில்லை. சூரிய ஒளியில் உணவு தயாரித்து வேருக்கு அனுப்புகின்றன. ஆக, வேர் பெருகினால் இலை பெருகும். இலை பெருகினால் வேர் பெருகும். நிலத்தில் நிற்கும் மரத்துக்கு இந்தக் கணக்கு ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போகிறது. போன்சாய் வளர்ப்பவர் இரு பக்கத்தையும் ஒரே அளவில் குறைத்து, கணக்கை ஓரிடத்தில் நிறுத்திவிடுகிறார். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மரத்தைத் தட்டிலிருந்து எடுத்து வேரில் ஒரு பகுதியை நறுக்குகிறார். அதற்கேற்ப மேலே கிளைகளையும் கத்தரிக்கிறார்.

வேரை வெட்டினால் மரம் சாகாதா என்று கேட்பீர்கள். தடித்த வேர்கள் மரத்தைத் தாங்கி நிறுத்துகின்றன; சேமிப்புக்கும் உதவுகின்றன. தண்ணீரை உறிஞ்சுவது பெரும்பாலும் நுனியிலுள்ள மெல்லிய வேர்களும் அவற்றின் தூவிகளுமே. தடித்த வேரை நறுக்கினால், வெட்டுவாயின் அருகிலிருந்து பல சல்லிவேர்கள் கிளம்பும். எனவே திறமையானவர் கையில் வளர்ந்த மரத்தின் தட்டில், அந்தச் சிறிய இடத்துக்குள் உறிஞ்சும் வேர்கள் நெருக்கமாக நிறைந்திருக்கும். அதற்கு வேண்டிய எருவும் நீரும் தவறாமல் கிடைக்கின்றன. வானம் பார்த்த பூமியில் நிற்கும் வேம்புக்கு அந்த உத்தரவாதம் கிடையாது!

மேலே கத்தரிப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. கிளையின் நுனி மொட்டு ஆக்சின் என்ற ஊக்கியைச் சுரந்து கீழே அனுப்புகிறது. அதனால் பக்க மொட்டுகள் உறங்கிக் கிடக்கின்றன. நுனியைக் கிள்ளிவிட்டால் அவை விழித்துக்கொள்ளும். ஒரு கிளை இரண்டாகும், இரண்டு நான்காகும். ஒவ்வொரு முறையும் இலையின் அளவும் சிறிது குறையும். (பூவும் காயும் அப்படிக் குறைவதில்லை. முழங்கை உயர மாதுளையில் கிட்டத்தட்ட வழக்கமான பருமனில் ஒரு காய் தொங்கும்போது வேடிக்கையாகத்தான் இருக்கும்.)

மரத்தின் பரம்பரை இயல்பு மட்டும் மாறுவதே இல்லை. தட்டில் நிற்கும் புளிய மரத்தின் விதையை எடுத்துத் தோட்டத்தில் ஊன்றுங்கள். அது சாலையோரப் புளியாகவே வளரும்.

நான் கொன்ற மரம்

இவ்வளவும் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டபின்தான் நான் முதல் மரத்தைக் கொன்றேன்.

ஒரு பழைய சுவரிலிருந்து பக்குவமாகப் பெயர்த்தெடுத்த அரசு அது. தண்டு என் கட்டைவிரலைவிடத் தடிமன். 5 செ.மீ. ஆழமுள்ள அழகான மண்தட்டு வாங்கினேன். அடியில் துளை இருந்தது. தோட்டத்துச் செம்மண்ணை நிரப்பி நட்டேன். ஆழமில்லாத தட்டு அல்லவா, சீக்கிரம் காய்ந்துவிடுமே என்று காலையும் மாலையும் நீர் ஊற்றினேன். இலைகள் மஞ்சளித்தன. நீர் போதவில்லை என்று எண்ணி மேலும் ஊற்றினேன். நாற்பது நாளில் இலையெல்லாம் கொட்டிவிட்டது. பிடுங்கிப் பார்த்தால் வேர்கள் கறுத்து, அழுகல் நாற்றம் வீசியது.

அதற்கான காரணத்தை நான் எங்கும் போய்த் தேட வேண்டியிருக்கவில்லை. ஆண்டுதோறும் கரும்பலகையில் நானே எழுதும் சூத்திரந்தான் அது. வெட்கமாக இருந்தது.

நுண்புழைக் குழாயில் நீர் ஏறுவதை நீங்கள் படித்திருப்பீர்கள். குழாயின் ஆரம் குறையக் குறைய நீர் ஏறும் உயரம் கூடும். பரப்பு இழுவிசையை இருமடங்காக்கி, நீரின் அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம், குழாயின் ஆரம் ஆகிய மூன்றின் பெருக்கற்பலனால் வகுத்தால் உயரம் கிடைக்கும். ஆரம் 1 மி.மீ. என்றால் உயரம் ஏறத்தாழ 1.5 செ.மீ. ஆரம் 0.1 மி.மீ. என்றால் 15 செ.மீ.

மண் துகள்களுக்கு இடையேயுள்ள சந்துகளும் நுண்புழைகளே. நீர் ஊற்றியபின் அடித்துளை வழியே வடிகிறது. ஆனால் முழுவதும் வடிவதில்லை. அடியிலிருந்து ஒரு குறிப்பிட்ட உயரம்வரை நீரைச் சந்துகள் தாங்கிப் பிடித்துக்கொள்கின்றன. அந்த உயரத்தைத் தீர்மானிப்பது சந்துகளின் அளவே. தொட்டியின் ஆழம் அன்று. என் செம்மண்ணில் சந்துகள் 0.1 மி.மீ. ஆரம் என்று வைத்துக்கொள்வோம். 30 செ.மீ. ஆழமுள்ள தொட்டியில் கீழ்ப்பாதி சேறாக இருந்தாலும் மேற்பாதியில் காற்று இருக்கும். என்னுடைய 5 செ.மீ. தட்டிலோ அடிமுதல் விளிம்புவரை சேறுதான். வேரும் மூச்சு விடவேண்டும். ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால், நீரில் அது பரவும் வேகம் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கே. ஆழமில்லாத தட்டு சீக்கிரம் காயும் என்று நினைத்தேன். அதுதான் அதிக ஈரம் பிடிக்கும் தட்டு. அரசு தண்ணீரில்லாமல் சாகவில்லை. மூச்சுத் திணறிச் செத்தது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பாத்திரம் துலக்கும் புதிய நுரைப்பஞ்சு ஒன்றை நீரில் முக்கி நன்றாக நனையவிட்டு எடுங்கள். அதை மட்டமாகப் படுக்கவைத்து, ஓரங்களை மட்டும் விரல்களால் தாங்கிப் பிடியுங்கள். சொட்டுவது நிற்கும்வரை பொறுத்திருங்கள். இனி ஒரு சொட்டும் விழாது என்று தோன்றும்போது, பஞ்சைப் பிழியாமல் அதன் நீண்ட விளிம்பின்மேல் நிமிர்த்துங்கள். மறுபடியும் தண்ணீர் கொட்டும். அதுவும் நின்றபின் குறுகிய விளிம்பின்மேல் நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சம் கொட்டும். பஞ்சு மாறவில்லை, நீரும் மாறவில்லை. தாங்கும் உயரம் ஒன்றே. ஆனால் அடிப்பரப்பு குறைந்துகொண்டு வருவதால் தங்கும் நீரின் அளவு குறைகிறது. படுத்திருந்த பஞ்சுதான் என் தட்டு.

ஆகவே ஆழத்தைக் கூட்ட முடியாவிட்டால் சந்துகளைப் பெரிதாக்க வேண்டும். ஜப்பானியர் அகடாமா என்ற ஒருவகை மண்ணைப் பயன்படுத்துகிறார்கள். செந்நிற உருண்டை என்று பொருள். எரிமலைச் சாம்பலிலிருந்து உருவான களிமண் அது. சிறு சிறு மணிகளாக இருக்கும். அதைச் சலித்துத் தூளை அகற்றிவிட்டு மணிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். மணிகளுக்கு இடையே காற்று, மணிகளுக்குள்ளே ஈரம். சூத்திரம் எழுதாமலே கைப்பழக்கத்தில் கண்ட வழி! நமக்கு அகடாமா வேண்டாம். உடைத்த செங்கல் போதும். கொசுவலையில் ஒருமுறை சலித்துத் தூளைத் தள்ளிவிட்டு, பயறு முதல் கொண்டைக்கடலை வரையுள்ள அளவில் துண்டுகளைத் தெரிந்தெடுங்கள். இதில் மூன்று பங்குக்கு மக்கிய எரு ஒரு பங்கு கலந்தால் என் மரங்களுக்குப் போதுமானதாக இருக்கிறது. அடியில் மட்டும் கூழாங்கல்லைப் பரப்பி மேலே செம்மண் போட்டால் நீர் வடியும் என்று சிலர் சொல்வார்கள். வடியாது. செம்மண்ணின் நுண்ணிய சந்துகள் பிடித்து வைத்திருக்கும் நீரைக் கூழாங்கல்லின் பெரிய சந்துகள் இழுக்கமாட்டா. சேறு இரண்டு அங்குலம் மேலே தள்ளி நிற்கும், அவ்வளவுதான்.

கண்ணை ஏமாற்றும் கணக்கு

முழங்கை உயரச் செடி பெரிய மரம்போல் தோன்றுவது எதனால்? இலை சிறியது என்பது ஒரு காரணம். முக்கியக் காரணம் தண்டின் தடிமன்.

அரை மீட்டர் உயர வேப்பங்கன்றின் தண்டு பென்சில் பருமன் இருக்கும், 8 மி.மீ. என்போம். அதை எல்லாப் பக்கமும் இருபது மடங்கு பெரிதாக்கினால் 10 மீட்டர் உயரமும் 16 செ.மீ. தடிமனும் உள்ள மரம் கிடைக்கும். ஆனால் 10 மீட்டர் வேம்பு எதுவும் அவ்வளவு ஒல்லியாக இருப்பதில்லை. ஏன்? உயரம் இருமடங்கானால் எடை எட்டு மடங்காகிறது. தாங்கும் தண்டின் குறுக்குப் பரப்போ நான்கு மடங்கே ஆகிறது. எனவே பெரிய உருவங்கள் தம் உயரத்தின் விகிதத்துக்கும் மேலாகத் தடிக்க வேண்டும். இதை முதலில் விளக்கியவர் கலிலியோ, ஆண்டு 1638. அவர் எலும்புகளைப் படம் வரைந்து காட்டினார்.

நாம் இந்த விதியைப் படிக்காவிட்டாலும் நம் கண் படித்திருக்கிறது. ஒல்லியாக இருந்தால் கன்று, உயரத்துக்குமேல் தடித்திருந்தால் பெருமரம் என்று பார்த்த மாத்திரத்தில் முடிவுசெய்கிறது. தண்டின் தடிமனைப்போல் ஆறு மடங்கு உயரம் என்பது போன்சாய்க்காரர்கள் கையாளும் பொது அளவு. 40 செ.மீ. மரத்துக்கு அவ்வளவு தடித்த தண்டு தேவையே இல்லை. தேவையில்லாத அந்தத் தடிமன்தான் கண்ணை நம்பவைக்கிறது.

தொடக்கக்காரர்கள் வழுக்கி விழும் இடமும் இதுதான். சிறிய கன்றை வாங்கிச் சிறிய தட்டில் நட்டுவிட்டு, தண்டு பருக்கும் பருக்கும் என்று காத்திருப்பார்கள். பருக்காது. தண்டில் புது மரம் சேர்வது இலைகள் தயாரிக்கும் உணவினால். ஒரு கைப்பிடி இலை எத்தனை உணவு தயாரிக்கும்? முதலில் கன்றைத் தரையிலோ பெரிய தொட்டியிலோ விட்டு, தாராளமாக வளரவிட்டு, தண்டு வேண்டிய அளவு தடித்தபின் மேலே வெட்டிக் குறுக்க வேண்டும். அதாவது போன்சாய் என்பது வளராமல் நின்ற சிறு செடி அன்று. வளர்ந்தபின் சுருக்கப்பட்ட பெரிய செடி.

கம்பி

மரத்தின் கிளைகளை வேண்டிய பக்கம் வளைக்கச் செம்புக் கம்பியோ அலுமினியக் கம்பியோ சுற்றுகிறார்கள். கம்பியின் தடிமன் கிளையின் தடிமனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருக்கவேண்டும். செம்புக் கம்பியை அடுப்பில் மங்கிய சிவப்பாகும்வரை காய்ச்சி ஆறவிட்டால் மெழுகுபோல் இளகிவிடும். சுற்றி வளைத்தவுடன் மறுபடி விறைத்துக்கொள்ளும். அதே கம்பியை இரண்டாம் முறை வளைத்துப் பார்த்தால் உங்கள் விரலே சொல்லும். உலோகத்துக்குள் படிக அடுக்குகள் நழுவி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதால் ஏற்படும் விறைப்பு இது. சுற்றும்போது மென்மை, சுற்றியபின் உறுதி. நமக்கு வேண்டியதும் அதுதான்.

கம்பி தன் மீட்சி எல்லையைத் தாண்டிவிட்டது. எனவே வளைந்தபடியே நிற்கிறது. கிளை தாண்டவில்லை. அப்போதே அவிழ்த்தால் கிளை திரும்பிப் போய்விடும். அது வளைந்த நிலையில் இருக்கையில் பட்டைக்கு உட்புறமாகப் புதிய மரம் படிகிறது. வளைவிலேயே பிறந்த அந்தப் படலத்துக்கு நிமிரும் ஆசை கிடையாது. படலம் தடிக்கத் தடிக்க வளைவு நிலைத்துவிடுகிறது. நம் வெயிலில் இச்சிக்கு இது சில வாரங்களிலேயே நடக்கும். அதற்குமேல் விட்டால் கம்பி பட்டைக்குள் புதைந்து, ஆண்டுக்கணக்கில் மறையாத தழும்பாகிவிடும். என் மரத்திலும் அப்படி ஒன்று உண்டு. வருகிறவர்களுக்கு அந்தப் பக்கத்தைக் காட்டமாட்டேன்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்கிறோமே, அதற்கும் கணக்கு இருக்கிறது. கிளையின் விறைப்பு அதன் தடிமனின் நான்காம் படிக்கு ஏற்ப ஏறும். தடிமன் இரட்டித்தால் வளைக்கத் தேவையான விசை பதினாறு மடங்கு.

நீங்கள் தொடங்குவதானால்

இச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆல், புளி, காகிதப்பூ ஆகியவையும் ஏற்றவை. அரசின் இலை பெரியது, தட்டில் எடுபடாது. (என் முதல் தவறு மரத்தைத் தேர்ந்தெடுத்ததிலேயே தொடங்கிவிட்டது.) சுவர்களில் முளைத்த கன்றைக் கேட்காமல் பிடுங்கவேண்டாம், கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகக் கொடுப்பார்கள், ஏனெனில் அதன் வேர் சுவரைப் பிளக்கும்.

மரத்தை வீட்டுக்குள் வைக்காதீர்கள். அறை நமக்கு வெளிச்சமாகத் தோன்றும். ஆனால் நண்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் அளவு ஒளி தரும்போது அறைக்குள் சில நூறு லக்ஸ்தான் இருக்கும். நம் கண் அந்த வேறுபாட்டைச் சுருக்கிக் காட்டிவிடுகிறது. இலையை அப்படி ஏமாற்ற முடியாது.

நீர் ஊற்ற வேளை கிடையாது. தினமும் விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் குறைந்திருந்தால் அடித்துளையில் நீர் வரும்வரை ஊற்றுங்கள். செங்கல் துண்டு மண்ணில் சித்திரை வெயிலுக்கு ஒரு நாளைக்கு இருமுறைகூட வேண்டியிருக்கும். ஊருக்குப் போனால் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போகவேண்டும். பூனை வளர்ப்பது போலத்தான்.

வேர் நறுக்கி மாற்றி நடுவதை, குளிர் விலகித் துளிர் விடும் பருவத்தில் செய்யுங்கள். வேலை முடியும்வரை வேரை ஈரத்துணியால் மூடி வையுங்கள். தட்டின் துளை வழியே கம்பி செலுத்தி மரத்தை அசையாமல் கட்டுங்கள். ஆடினால் புது வேர் அறுந்துபோகும். இரண்டு மூன்று வாரம் நிழலில் இருக்கட்டும்.

சென்ற மாசியில் என் இச்சியை அப்படி மாற்றி நட்டேன். பத்தாம் நாள் எல்லா இலையும் கொட்டிவிட்டது. வீட்டில் எல்லாரும் என்னை ஒருமாதிரியாகப் பார்த்தார்கள். பழைய அரசின் நினைவு வந்து எனக்கும் கையில் குடத்தை எடுக்கத் தோன்றியது. எடுக்கவில்லை. இலை இல்லாத மரத்துக்குச் செலவு ஏது? செலவில்லாத இடத்தில் வரவைத் திணித்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். விரலை விட்டுப் பார்த்து, ஈரம் குறைந்த அன்று மட்டும் ஊற்றினேன். தண்டின் ஓரத்தில் நகத்தால் மெல்லச் சுரண்டிப் பார்த்தேன். பட்டைக்கு அடியில் பச்சை தெரிந்தது. ஒரு துளி பாலும் வந்தது. இருபத்தாறாம் நாள் காலையில், மேல்கிளையின் கணுவில் அரிசிமுனை அளவில் ஒரு மொட்டு நின்றிருந்தது.